றொட் வாங்க முதல் முறை பழகுவம்

சீனன்குடாப் பக்கம் சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஒரு புதுக் கூட்டத்தைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவாங்க. பின்னால இருக்கிறவன்ர கையில துணியில சுற்றின நீளமான றொட் ஒன்று. பாலத்தடியிலோ கல்லணையிலோ இடம் பிடித்து, றீலைப் பூட்டி, பளபளக்கிற பொய்மீன் ஒன்றைக் கொளுவி எறிவாங்க. கம்பஸில என்னோட படிக்கிறவங்களிலயும் நாலைந்து பேர் இப்படித்தான். பொப்பர், ஜிக், பிரெய்ட் நூல் எண்டு அவங்கள் கதைக்கிறதைக் கேட்டால் அரைவாசி விளங்காது. எல்லாம் யூடியூப் படிப்பிச்ச பாடம்.

"வேலைவெட்டி இல்லாததுகள்" எண்டு இவங்களைத் திட்டுற ஆக்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. எங்கட அம்மா அப்பாவின் இளமைக்காலத்தில் இந்தத் துறைமுகத் தண்ணீர் பெரும்பாலும் பார்க்கிறதுக்கு மட்டும்தான் இருந்தது. பாஸ், தடை நேரம், சோதனைச்சாவடி. தொழிலுக்குப் போனவர்களே பயந்து பயந்து போன கடல் இது. இன்றைக்கும் கடற்படை, விமானப்படை, துறைமுகம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் போக மிச்சமிருக்கிற கரைதான் எங்களுக்கு. அந்த மிச்சக் கரையில் ஒரு பெடியன் போனைப் பொக்கெட்டில போட்டுட்டு இரண்டு மணித்தியாலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால் அது நல்ல விஷயம்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துது. எங்கட கையில சாமான் வந்திட்டுது, முறை வரல்ல.

தமிழில் 'முறை' என்ற சொல் விசித்திரமானது. "இப்ப என்ர முறை" என்றால் தவணை. "அது முறையில்ல" என்றால் நியாயமில்லை. "என்ன முறை?" என்று கேட்டால் சொந்தத்தைக் கேட்கிறார்கள். தண்ணீரில் தொழில் செய்கிற ஆட்களுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். யாருக்கு முதல் தவணை, எது நியாயம், பக்கத்து வள்ளக்காரன் எனக்கு என்ன வேணும், எல்லாம் ஒரே கணக்கு. றொட்டோடு வருகிற எங்களுக்கு இது எதுவும் தெரியாது. கடையில் விற்கிற சாமானும் இல்லை இது.

முதலில் நாங்கள் எங்கே நின்று தூண்டில் எறிகிறோம் என்று பார்ப்போம். இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. மலைநாட்டு மண்ணையும் வயல் வண்டலையும் கொண்டுவந்து மூதூர், கிண்ணியாப் பக்கம் கொட்டுகிறது. அந்த ஆழமில்லாத கலங்கல் தண்ணீரில்தான் இறாலும் நண்டும் திரளிக் குஞ்சும் வளருது. அதே குடாவின் மறுபக்கத்தில் கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே தொடங்குகிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம். திருகோணமலையில் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவது அதனால்தான். சேற்றுத் தண்ணீரும் கிடங்குத் தண்ணீரும் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடங்கள் குறைவு. தம்பலகாமக் குடா உள்ளுக்குள் இருக்கிற ஒரு தொட்டில் மாதிரி. தொட்டிலில் இருக்கிற பிள்ளையைத் தூக்கி விற்றால் நாளைக்கு ஊரில் ஆள் இருக்காது.

இந்தத் தண்ணீரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று தரப்பும் தொழில் செய்கிறார்கள். கரைவலை, தூண்டில், வலை, நண்டுக் கூடு, சங்கு குளிக்கிறது, சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நேரம், ஒவ்வொரு இடம், ஒவ்வொரு காற்று. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கிறபோது உள்குடாவில் நெருக்கம் கூடும். கச்சான் வீசுற மாதங்களில் வெளிக்கடல் திறக்கும். இந்த அட்டவணை எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்காது. ஆனால் கரையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும், எங்களைத் தவிர.

கரைவலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துக் கடலில் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு முனையும் கரையில். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். இழுத்து முடிக்க மணித்தியாலக் கணக்காகும். அந்த நேரம் முழுக்க அந்த அரைவட்டத்துக்குள் யாரும் போக்கூடாது. எஞ்சின் போட் சுற்றிப் போகவேணும். தூண்டில்காரர் அதற்குள் எறியக்கூடாது. எஞ்சின் சத்தத்துக்கு மீன் கலைஞ்சால் இருபது முப்பது பேரின் அன்றைய கூலி போச்சு. எங்கட ஆள் ஒருவன் எறிகிற மூன்று கொழுக்கிப் பொய்மீன் வலையில் மாட்டினால் வலை கிழியும், இழுக்கிறவரின் கையும் கிழியும். ஒரு வலை வளைச்ச இடத்தில் அடுத்த வலை தன் தவணைக்காகக் காத்திருக்கும். கயிற்றில் கை வைத்து உதவி செய்தவருக்குக் கறிக்கு மீன் குடுப்பாங்க, அவர் ஆர் எவரெண்டு கேட்கமாட்டாங்க. இதெல்லாம் சேர்ந்ததுதான் முறை.

மட்டி எடுக்கிற பெண்களை யோசித்துப் பாருங்கள். வெறுங்காலோடு முழங்கால் சேற்றில் நடந்து, காலாலேயே தடவித் தடவித்தான் மட்டியைக் கண்டுபிடிப்பார்கள். நாங்கள் கல்லில் சிக்கிச்சு என்று அறுத்துவிட்டுப் போகிற கொழுக்கியும் நூலும் அந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கும். எங்களுக்கு அது நூறு இருநூறு ரூபாய் நட்டம். அவர்களுக்கு அது ஒரு கிழமை வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற காயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியுலகத்தையும் பார்க்கலாம். ஏனென்றால் நாங்கள் பார்க்கிற வீடியோக்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கிறதை ஒரு கலை என்று எழுதிவைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஐசக் வால்டன் என்பவரின் புத்தகம் 1653இல் வந்தது. இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, அதை ஆற்றில் மிதக்கவிட்டு ட்ரவுட் மீனை ஏமாற்றுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். அந்தப் பொய்ப்பூச்சிக்குப் பாரமே இல்லை. எறிவதற்கான பாரம் தடித்த நூலில்தான் இருக்கும். அதனால்தான் சாட்டை வீசுற மாதிரி வீசுகிறார்கள். அந்த விளையாட்டு எங்கட நாட்டுக்கும் வந்தது. 1880களில் பிரித்தானியத் தோட்டத் துரைமார் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்க ஓடைகளில் விட்டார்கள். தங்கட ஊர் விளையாட்டைத் தொடர்வதற்காக ஒரு நாட்டின் ஓடைக்குள் அந்நிய மீனை விடலாம் என்று நினைத்த காலம் அது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட் இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் அந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஆற்று ஒழுக்கம் என்று ஒன்றை அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஆற்றில் இறங்கி ஒரு திசையில் மெதுவாக நடந்துகொண்டே வீசுகிறார் என்றால், அவருக்கு முன்னால் போய் இறங்கக்கூடாது. அவர் அடுத்ததாக வீசப்போகிற தண்ணீர் அவருடையது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், மக்கென்சி போன்ற வேகமான ஆறுகளுக்கென்றே தட்டையான அடியும் இரண்டு முனையும் மேலே வளைந்த வடிவமும் உள்ள ட்ரிஃப்ட் போட்களைச் செய்தார்கள். அந்தப் போட்டில் வருகிறவர், தண்ணீரில் நின்று பிடிக்கிறவரைக் கண்டால் அவர் வீசுகிற பக்கத்தால் போகாமல் அவர் முதுகுப் பக்கத்தால் போகவேணும். இடம் இல்லாவிட்டால் சத்தமாகக் கேட்கவேணும். போட் இறக்குகிற இடத்தில் சாமான் அடுக்கிக்கொண்டு நின்று பின்னால் வருகிறவரை மறிக்கக்கூடாது. எல்லாவற்றையும் முதலே ஆயத்தப்படுத்திவிட்டு இறங்கவேணும்.

இன்னொன்று, ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகுமுன் போட்டையும் சப்பாத்தையும் கழுவிக் காயவைக்கவேணும். நியூசிலாந்தில் 2004இல் டிடிமோ என்ற வெளிநாட்டுப் பாசி ஆறுகளுக்குள் வந்துவிட்டது. ஈரம் காயாத சப்பாத்து அடிகளால் அது பரவும் என்பதால், கம்பளி அடி வைத்த மீன்பிடிச் சப்பாத்துகளையே 2008இல் தடை செய்தார்கள். எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஆராய்ச்சிக்கென்று 1939இல் கொண்டுவந்த சல்வீனியா இலங்கைக் குளங்களையும் வயல்களையும் எப்படி மூடியது என்று விவசாயிகளைக் கேளுங்கள். காலையில் கந்தளாய்க் குளத்திலும் பின்னேரம் இன்னொரு குளத்திலும் வலையோ போட்டோ போடுகிற ஒருவர், காய்ந்ததா என்று பார்க்காமல் கொண்டுபோனால் இதே வேலையைத்தான் செய்கிறார்.

கவனித்தீர்களா? மக்கென்சி ஆற்று ஒழுக்கமும் கொட்டியாரக் குடாக் கரைவலை முறையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. உனக்கு முதல் நிற்கிறவனின் தண்ணீரைக் கலக்காதே. பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒருவர் ஒழுக்கம் தவறினால் மற்றவருக்கு ஒரு நாள் சந்தோஷம் கெடும். இங்கே தவறினால் ஒரு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அப்படியென்றால் எங்களுக்கல்லவா கூடுதலான ஒழுக்கம் இருக்கவேணும்? நாங்கள் வீடியோவில் எறிகிற ஸ்டைலை மட்டும் பார்க்கிறோம். அந்த மனிதர் எறிவதற்கு முதல் என்ன செய்கிறார் என்பதை ஃபாஸ்ட் ஃபோர்வேர்ட் பண்ணிவிடுகிறோம்.

சாமான் பற்றியும் கொஞ்சம். தங்கூசி என்று நாங்கள் சொல்கிற ஒற்றை இழை நைலோன் உக்காது. தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. மீன் பிடிக்க அது நல்ல குணம். அறுந்து விழுந்த பிறகு அதுவே கெட்ட குணம். ஆமை, நீர்க்காகம், மீன் எல்லாவற்றையும் யாருக்கும் பயனில்லாமல் பிடித்துக்கொண்டே கிடக்கும். தங்கூசி வலை இலங்கையில் சட்டப்படி தடை. தூண்டில் நூலுக்குத் தடை இல்லை, அது சரி. ஆனால் அதே பொருள்தான். ஆகவே அறுந்த நூலைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோறது தர்மம் இல்லை, கடமை.

சிறு மீனைத் திருப்பி விடுகிறேன் என்று பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். விடுறதுக்கும் ஒரு பழக்கம் வேணும். மீனின் உடம்பில் வழுவழுப்பு என்று நாங்கள் முகம் சுளிக்கிற அந்தப் படலம்தான் அதற்குக் கிருமி தொற்றாமல் காக்கிற தோல். காய்ந்த கையால், துணியால் பிடித்தால் அது உரிந்துபோகும். கையை நனைத்துவிட்டுப் பிடிக்கவேணும். போட்டோவுக்காக இரண்டு நிமிஷம் வெயிலில் தூக்கிப் பிடித்துவிட்டுத் தண்ணீரில் போட்டால், நீந்திப் போகும், கொஞ்ச நேரத்தில் எங்கேயோ செத்துக் கிடக்கும். முள்ளில்லாத கொழுக்கி, அல்லது குறட்டால் முள்ளை நசுக்கிய கொழுக்கி பாவித்தால் கழற்றுவது சுலபம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தின்னப் போறியா, கொன்று எடு, வீட்டுக்குக் கொண்டு போ. தின்னமாட்டியா, உடனே விடு. நடுவில் செல்ஃபி எடுக்கிறதுக்கு ஒரு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது முறையில்ல.

அடுத்தது போட். கரையிலிருந்து எறிகிறவர்கள் கொஞ்ச நாளில் போட் வேணும் என்பார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பழைய ஃபைபர் போட் ஒன்றை வாங்குவார்கள், அல்லது வாடகைக்கு எடுப்பார்கள். இங்கே ஒரு கதை தெரிந்திருக்கவேணும். மரவள்ளம் இருந்த காலத்தில் அதைப் பராமரிப்பதே ஒரு தொழில். இணைப்புகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி அடைப்பார்கள். சுறா எண்ணெய் பூசுவார்கள். கரைக்கு ஏற்றி நிழலில் வைப்பார்கள். 2004 சுனாமி அந்த வள்ளங்களை அடித்துக்கொண்டு போனது. பிறகு உதவி நிறுவனங்கள் ஃபைபர் போட்களை அள்ளிக் கொடுத்தன. சில கரைகளில் முன்பு இருந்ததை விடக் கூடுதலாக, சில இடங்களில் தரமில்லாமல். போட் வந்தது. அதைப் பார்க்கிற பழக்கம் கூட வரவில்லை. ஃபைபர் உக்காது, பூச்சி அரிக்காது, ஆகவே பார்க்கவே தேவையில்லை என்ற ஒரு நினைப்பு. அது பிழையான நினைப்பு.

ஃபைபருக்கு மேலே ஜெல்கோட் என்று ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. மணலிலும் கல்லிலும் இழுத்தால் அது உரசிப்போகும். உரசின இடத்தால் தண்ணீர் உள்ளே இருக்கிற கண்ணாடி இழைக்குள் இறங்கும், கொப்புளம் வரும், பாரம் கூடும், ஒரு நாள் வெடிக்கும். ஆகவே இழுக்கும்போது அடியில் உருளைக்கட்டை அல்லது பழைய டயர் போடவேணும். எஞ்சின் பூட்டுகிற பின்பலகைக்கு உள்ளே அனேகமாகப் பலகைதான் இருக்கும். ஆணி ஓட்டைகளால் தண்ணீர் போனால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உக்கிப்போயிருக்கும். அலையில் எஞ்சின் பலகையோடு பிடுங்கிக்கொண்டு போகும். கரையில் வைக்கும்போது அடி அடைப்பானைக் கழற்றி மழைத்தண்ணீரை ஓடவிடவேணும். இறக்குமுன் அதைத் திரும்பப் பூட்டினோமா என்று இரண்டு தரம் பார்க்கவேணும். எஞ்சினைக் கடல் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டவேணும், இல்லாவிட்டால் உள்ளே உப்புக் கட்டும். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் நிறுத்தமுன் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தினால் அடுத்த நாள் இலகுவாக ஸ்டார்ட் ஆகும்.

இதெல்லாம் அவனவன் போட், அவனவன் காசு, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். தண்ணீரில் அப்படி இல்லை. உன் எஞ்சின் நின்றால் உன்னைத் தேடி வருகிறது பக்கத்து வள்ளம். அவர் தன் வலையை விட்டுவிட்டு, தன் எண்ணெயை எரித்து வருகிறார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. அந்த விலையேற்றத்துக்குப் பிறகு எத்தனை வள்ளங்கள் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தன என்று பார்த்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவரின் எண்ணெயைக் கொண்டு எங்கள் கவனக்குறைவைக் காப்பாற்றுவது எந்த ஊர் நியாயம்? 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். அது பொழுதுபோக்கில்லை, பாலம் இல்லாததால் சனங்கள் ஏறின பாதை. ஆனால் ஒன்றை அது எங்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கட தண்ணீர் ஆழமில்லாதது, அமைதியானது என்று யாரும் சொல்லவேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டால் வெயிலுக்கு அவியுது என்கிற சாட்டும் வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். "கடலை அழிக்கிறது நாங்களா? டைனமைட் அடிக்கிறவன், சுருக்கு வலைக்காரன், அடிமடி இழுக்கிற ட்ரோலர், எல்லாரையும் விட்டுட்டு மூண்டு றொட்டோட நிக்கிற எங்களுக்கு வகுப்பெடுக்கிறியா?"

நியாயமான கேள்வி. அளவில் பார்த்தால் நாங்கள் கொசு. டைனமைட் வெடிக்கும்போது வருகிற அதிர்ச்சி மீனின் காற்றுப்பையை உடைக்கிறது. செத்த மீனில் ஒரு பங்குதான் மேலே மிதக்கும், மிச்சம் அடியில் போய் வீணாகும். குஞ்சு, முட்டை, பவளப்பாறை எல்லாம் அதோடு சரி. 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்கிறது. 2017இல் வந்த திருத்தம் அடிமடி இழுவையையும் தடை செய்தது. நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. சட்டம் இருக்கிறது. சட்டத்தின் கண் எப்போதும் கடலில் இருக்காது.

ஆனால் அந்த மீன் எங்கே போகிறது? சந்தைக்குத்தான். வாங்குவது யார்? எங்கள் வீடுதான். வெடியில் செத்த மீன் உள்ளே முள் உடைந்து, தசை கலங்கி, இரத்தம் கட்டியிருக்கும். கையில் எடுத்து அமுக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது விளங்கும். தூண்டில் பிடித்துப் பழகிய ஒருவருக்கு நல்ல மீன் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த அறிவோடு சந்தையில் நின்று "இது வெடி மீன், வேண்டாம்" என்று சொல்கிற பத்து இளம் ஆட்கள் ஒரு ஊருக்குப் போதும். ஆகவே நான் வகுப்பெடுக்கவில்லை. பெரிய அநியாயத்தைக் கேட்பதற்கு ஒரு தகுதி வேணும் என்கிறேன். தன் நூலைப் பொறுக்காதவன் மற்றவன் வலையைப் பற்றிப் பேசினால் கரையில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'முறை' என்று நான் சொல்வதை "அந்தக் காலத்து ஆக்கள் எல்லாம் தெய்வம்" என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. கரைவலைப் பாடுகள் பரம்பரைச் சொத்தாக இருந்தன. சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவனுக்கு ஒரு பங்கு, இரண்டும் ஒரே அளவில்லை. எந்தச் சாதி எந்தக் கரையில் என்றும் இருந்தது. பெண்கள் மட்டி பொறுக்கலாம், மீன் விற்கலாம், கருவாடு போடலாம், வள்ளத்தில் மட்டும் ஏறக்கூடாது. நானே இரண்டு மூன்று தரம் றொட்டோடு போய் நின்றிருக்கிறேன். மீனை விட என்னைப் பார்த்த ஆட்கள்தான் கூட. ஆகவே முறையை அப்படியே தூக்கித் தலையில் வைக்கச் சொல்லவில்லை. அதிலிருக்கிற தவணையையும் நியாயத்தையும் எடுப்போம், பூட்டை உடைப்போம்.

தவணை மட்டும் போதாது என்பதற்கும் இந்த நாட்டிலேயே பாடம் இருக்கிறது. தெற்கில் மாவெல்லை என்ற கரையோரக் கிராமத்தில் கரைவலைகளுக்கு அருமையான தவணை முறை இருந்தது. ஒவ்வொரு வலைக்கும் நல்ல இடமும் நல்ல நேரமும் சுற்றிச் சுற்றி வரும். போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் அதைப் பற்றி எழுதினார். பிறகு 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், தன் 1990ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அதைத் தோல்விக்கு உதாரணமாக எடுத்தார். ஏன்? தவணையை எல்லாரும் மதித்தார்கள், வலைகளின் எண்ணிக்கையை யாரும் கட்டுப்படுத்தவில்லை. ஒரு வலைக்குப் பங்கு வாங்கினால் ஒரு தவணை கிடைக்கும் என்பதால் வலைகள் கூடிக்கொண்டே போயின. மீன் கூடவில்லை.

நீர்கொழும்பு களப்பில் கதை வேறு. அங்கே இரவில் நீர் வடியும்போது கடலுக்குப் போகிற இறாலைப் பிடிக்க, தடிகளை நட்டு வலை கட்டுகிற கட்டுடெல் என்ற தொழில் இருக்கிறது. எந்த இடம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். எந்தச் சங்கத்துக்கு எந்த நாள் என்றும் கணக்கு உண்டு. யார் சேரலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 1958இல் அரசாங்கம் அந்த வழக்கத்தைச் சட்ட ஒழுங்காகவே ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கங்களுக்குள் புதிதாக ஒருவர் நுழைவது கஷ்டம்தான், அந்தக் குறை அங்கேயும் இருக்கிறது. ஆனால் தவணையும் எல்லையும் சேர்ந்ததால் தொழில் நின்றுபிடித்தது.

எனக்கு இதில் தெரிகிற விஷயம் இதுதான்: ஒழுக்கம் தனி ஆளின் நல்ல குணமாக மட்டும் இருந்தால் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். அது பேசி எழுதி ஒப்புக்கொண்ட ஒன்றாக மாறவேணும்.

ஆகவே றொட் பிடிக்கிற என் வயசு ஆட்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன்.

புது இடத்துக்குப் போனால் எறிவதற்கு முதல் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். யார் எங்கே நிற்கிறார், வலை வளைத்திருக்கிறதா, வள்ளம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பாருங்கள். அங்கே நிற்கிற பெரியவரிடம் போய், "ஐயா, இதில எறியலாமா? உங்கட தொழிலுக்கு இடைஞ்சலா?" என்று கேளுங்கள். முஸ்லிம் பெரியவர் என்றால் "நானா", "காக்கா", சிங்களவர் என்றால் "மாமா", "அய்யே", எது வாயில் வருதோ அது. அந்த ஒரு கேள்வி உங்களை வெளியாளிலிருந்து கரையாளாக்கும். பிறகு அவரே சொல்லுவார், "தம்பி, இஞ்ச இல்ல, அந்தக் கல்லடிக்குப் போ, பாரை படும்" எண்டு. யூடியூப் சொல்லாத தகவல் அது.

கரைவலை இழுக்கிறாங்க என்றால் றொட்டைக் கீழே வையுங்கள். போய்க் கயிற்றில் கை போடுங்கள். ஐந்து மணித்தியால வீடியோவில் படிக்காததை அந்த ஒரு மணித்தியாலத்தில் படிப்பீர்கள். உள்ளங்கை எரியும். கறிக்கு மீனும் கிடைக்கும்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரு வெறும் போத்தல் கொண்டுபோங்கள். உங்கட நூல், கொழுக்கி, அதோடு கண்ணில் பட்ட மற்றவன்ர நூல், எல்லாம் அதுக்குள்ள. மட்டி எடுக்கிற அக்காமார் நடக்கிற சேற்றில் ஒரு கொழுக்கியும் விடக்கூடாது. முட்டை சுமக்கிற சிங்கி இறால் வந்தால் அது சட்டத்துக்கும் முறைக்கும் எதிரானது, விட்டுவிடுங்கள்.

ஆட்கள் பாவிக்கிற இடத்துக்கு ஒரு சின்ன ஒப்பந்தம் எழுதலாம். எந்த நேரத்தில் றொட்காரர் வரலாம், எந்த இடத்தில் எறியக்கூடாது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம், குப்பையை யார் எடுக்கிறது. மீனவர் சங்கத்தோடு ஒரு பின்னேரம் இருந்து கதைத்தால் முடிகிற வேலை. மூன்று மொழிக்காரரும், பெண்களும் அந்தக் கதையில் இருக்கவேணும். கம்பஸில் நாங்கள் சமூகம், பொதுச்சொத்து, பங்கேற்பு என்று பக்கம் பக்கமாக அசைன்மென்ட் எழுதுகிறோம். அதில் ஒரு பக்கத்தைக் கரையில் எழுதிப் பார்ப்போம்.

துறைமுகத்தின் எதிர்காலம் பற்றிப் பெரிய பெரிய மேசைகளில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணெய்க் குதங்கள் யாருக்கு, முனையம் யாருக்கு, முதலீடு யாருக்கு. அந்த மேசைகளில் சின்ன வள்ளக்காரருக்குக் கதிரை கிடைப்பது அருமை. எங்களுக்கும் இல்லை. "இந்தக் கரை எங்களுக்கும் வேணும்" என்று நாளைக்கு நாங்கள் கேட்கப் போகிறோம் என்றால், இன்றைக்கு இந்தக் கரையை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவர்கள் என்று காட்டியிருக்கவேணும். கரையில் நிற்கிற வள்ளக்காரரும் மட்டி எடுக்கிற பெண்ணும் றொட் பிடிக்கிற பெடியனும் ஒருவரை ஒருவர் முறை சொல்லிக் கூப்பிடுகிற ஒரு ஊரின் குரலைத் தள்ளிவைப்பது கஷ்டம். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற ஊரைப் பிரித்து விற்பது சுலபம்.

நல்ல றொட் பதினையாயிரம், இருபதாயிரம் ரூபாய் போகுது. முறை சும்மா கிடைக்குது. கேட்கத்தான் வேணும்.